பார்த்த பிறகே மருந்து



மகாராஷ்டிரத்தின் கிழக்குக் கோடியில், காடும் வயலுமாகக் கிடக்கும் மாவட்டம் கட்சிரோலி. 1980-களின் நடுவில் ராணி பங், அபய் பங் என்ற மருத்துவத் தம்பதி அங்கே போய்க் குடியேறினார்கள். ராணி பங் மகளிர் நோய் மருத்துவர். ஏழை நாட்டுக் கிராமத்துப் பெண்ணின் உடல்நலம் என்றாலே பிரசவம், குடும்பக் கட்டுப்பாடு என்ற இரண்டோடு அரசும் மருத்துவ உலகமும் நிறுத்திக்கொண்ட காலம் அது. இடையில் இருக்கும் வாழ்நாள் முழுவதும் அவளுக்கு என்னென்ன தொந்தரவுகள் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. ராணி பங் இரண்டு கிராமங்களை எடுத்துக்கொண்டு 650 பெண்களிடம் பேசினார். பேசியதோடு விடாமல் உடல் பரிசோதனையும் ஆய்வகப் பரிசோதனையும் செய்தார்.

முடிவுகள் 1989-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தன. பரிசோதிக்கப்பட்ட பெண்களில் 92 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மகளிர் நோய் இருந்தது. சராசரியாக ஒரு பெண்ணுக்கு 3.6 கோளாறுகள், அவற்றில் பாதி இனப்பெருக்கப் பாதையில் ஏற்பட்ட தொற்றுகள். இதற்கு முன் ஒரு தடவையாவது மகளிர் மருத்துவப் பரிசோதனையும் சிகிச்சையும் கண்டவர்கள் 8 சதவீதம் பேர்தான். இன்னொரு எண்ணையும் கவனிக்க வேண்டும். அந்தப் பெண்களில் 45 சதவீதம் பேர் தங்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை என்றே சொல்லியிருந்தார்கள்.

அந்தத் தொற்றுகள் வந்து தங்கும் முக்கியமான இடம் கருப்பை வாய். அங்கே ஏற்படும் அழற்சியைப் பற்றியதுதான் இன்றைய பேச்சு. புற்றுநோய் அளவுக்கு அது யாரையும் அச்சுறுத்துவதில்லை; பிரசவச் சிக்கல் போல அவசரமாக ஆம்புலன்சுக்கு ஆள் அனுப்ப வைப்பதும் இல்லை. அதனாலேயே இதில் இரண்டு விதமான கேடுகள் நடக்கின்றன. ஒரு பக்கம் கவனிக்காமலே விடுகிறார்கள். இன்னொரு பக்கம் சரியாகப் பார்க்காமலே கருப்பையை எடுத்துவிடுகிறார்கள்.

கருப்பையின் கீழ்ப்பகுதி குறுகி, பிறப்புறுப்புப் பாதைக்குள் நீண்டிருக்கும் மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய்தான் கருப்பை வாய். விரலால் தொட்டால் மூக்கு நுனியைத் தொட்டது போல் உறுதியாக இருக்கும். மாதவிலக்கு வெளியேறுவதும், விந்தணு உள்ளே போவதும் இதே வாய் வழியாகத்தான். பிரசவத்தில் பத்து சென்டிமீட்டர் அளவுக்கு விரிந்து குழந்தைக்கு வழி விடுவதும் இதுவே. கிருமிகள் மேலே கருப்பைக்குள் ஏறாமல் தடுப்பதும் இதன் வேலை. அதற்காக அது சளி போன்ற ஒரு திரவத்தைச் சுரக்கிறது. அந்தச் சுரப்பு மாதத்துக்குள்ளேயே மாறும்: கருமுட்டை வெளிப்படும் நாட்களில் தெளிவாக, இழுத்தால் நூல் போல நீளும், மற்ற நாட்களில் கெட்டியாகி அடைப்பாக நிற்கும். ஆரோக்கியமான பெண்ணுக்கும் கசிவு உண்டு என்ற இந்தச் சாதாரண உண்மை, வயதுக்கு வரும் பெண் பிள்ளைகளுக்கு வீட்டிலும் சொல்லப்படுவதில்லை, பள்ளியிலும் சொல்லப்படுவதில்லை.

கருப்பை வாயின் வெளிப்புறத்தைப் பல அடுக்குகள் கொண்ட தடித்த தோல் மூடியிருக்கிறது. உட்குழாயைப் போர்த்தியிருப்பது ஒரே அடுக்குச் செல்கள். மெல்லியவை, கீழே ஓடும் ரத்தக் குழாய்கள் தெரிவதால் சிவந்து காணப்படுபவை. இரண்டும் சந்திக்கும் எல்லைக்கோடு வயதுக்கு ஏற்ப இடம் மாறும். கிளமிடியா, கொனோரியா ஆகிய இரண்டு பால்வினைக் கிருமிகளும் விரும்பிப் பற்றுவது உள்பக்கத்து மெல்லிய செல்களை. ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியும், ஹெர்பிஸ் வைரசும் வெளிப்பக்கத் தோலைத் தாக்கும். மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் என்று 1980-களில் அடையாளம் காணப்பட்ட ஒரு சிறு கிருமியும் இந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. இவை எதுவுமே இல்லாமலும் அழற்சி வரலாம். மணம் வீசும் திரவங்களால் உள்ளே கழுவிக்கொள்வது, விந்தணுக் கொல்லி மருந்துகள், ஆணுறையின் லேட்டக்ஸ் ஒவ்வாமை, அடி இறக்கத்துக்காக வைக்கும் வளையம் ஆகியவையும் காரணமாகலாம். எவ்வளவு தேடினாலும் கிருமி அகப்படாத அழற்சிகளும் நிறையவே உண்டு.

இந்த நோயின் வரலாற்றில் ஒரு மருத்துவரின் கதையைச் சொல்லாமல் போக முடியாது. ஜெர்மனியின் பான் நகரில் பிறந்து நியூயார்க்கில் தொழில் செய்த எமில் நோகெராத், 1872-இல் ஒரு நூல் வெளியிட்டார். கொனோரியா வந்து குணமாகிவிட்டதாக நம்பித் திருமணம் செய்துகொள்ளும் ஆண்கள், வெளியே தெரியாமல் உள்ளே தங்கிவிட்ட நோயை மனைவிக்குக் கொடுக்கிறார்கள். அந்தப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் வயிற்று வலியோடும் பிள்ளைப்பேறு இல்லாமலும் அவதிப்படுகிறார்கள் என்பது அவர் கண்டது. சக மருத்துவர்கள் அதை ஏற்கவில்லை, கடுமையாக எதிர்த்தார்கள். மரியாதையான குடும்பங்களின் கணவன்மாரை நோக்கி விரல் நீட்டுவதை அந்தச் சமூகம் பொறுத்துக்கொள்ளுமா? 1879-இல் ஆல்பர்ட் நைசர் நுண்ணோக்கியில் கொனோரியா கிருமியைக் கண்டார். அதன் பிறகுதான் நோகெராத் சொன்னதில் இருந்த உண்மையை மருத்துவ உலகம் மெல்ல ஒப்புக்கொண்டது.

ஒப்புக்கொண்ட பிறகும் பெண்ணின் பக்கம் வெளிச்சம் விழ நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. ஆணுக்குச் சிறுநீர்ப் பாதையில் சீழ் வந்தால் எரியும், வலிக்கும், உடனே ஓடி வருவான். அந்த நோய்க்கு எப்போதோ இலக்கணம் எழுதிவிட்டார்கள். அதே கிருமிகள் பெண்ணின் கருப்பை வாயில் செய்யும் வேலைக்கு முறையான வரையறை 1984-இல்தான் வந்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ராபர்ட் பிரன்ஹாம், கிங் ஹோம்ஸ் உள்ளிட்டோர் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் எழுதிய கட்டுரை அது. ஆணின் சிறுநீர்ப்பாதை அழற்சிக்கு இணையாகப் பெண்ணிடம் இருந்தும் புறக்கணிக்கப்பட்ட நோய் என்று தலைப்பிலேயே அறிவித்தார்கள். அவர்கள் சொன்ன சோதனை மிக எளியது. கருப்பை வாய்க்குள் ஒரு வெள்ளைப் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பஞ்சு மஞ்சளாக இருந்தால் அங்கே சீழ் இருக்கிறது. லேசாகத் தொட்டாலே ரத்தம் கசிவதையும் முக்கியமான அடையாளமாகப் பின்னால் சேர்த்துக்கொண்டார்கள். இன்றும் கருப்பை வாய் அழற்சியைக் கண்டறிவது இந்த இரண்டு அடையாளங்களை வைத்துத்தான்.

ஆனால் பஞ்சுக்குச்சியை உள்ளே விட, முதலில் அந்தப் பெண் மருத்துவரிடம் வர வேண்டுமே.

கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. தெரிந்தால், மஞ்சள் கசிவு, உறவுக்குப் பின் ரத்தக் கசிவு, இரண்டு மாதவிலக்குக்கு நடுவே திட்டுத் திட்டாக ரத்தம், உறவின்போது அடிவயிற்றில் வலி, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் என்று வரும். சும்மா விட்டால் கிருமி கருப்பையைத் தாண்டிக் கருக்குழாய்க்கு ஏறும். சிகிச்சை பெறாத கிளமிடியா, நூற்றில் பத்துப் பதினைந்து பேருக்கு இப்படி இடுப்புக்குழி அழற்சியாக மாறுகிறது. குழாய் வீங்கி, தழும்பேறி, அடைபடுகிறது. ஸ்வீடனின் லுண்ட் நகரில் லார்ஸ் வெஸ்ட்ரம் இத்தகைய பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1992-இல் வெளியிட்ட கணக்கு எல்லோரும் அறிய வேண்டியது: இந்த அழற்சி ஒரு முறை வந்தவர்களில் 8 சதவீதம் பேருக்குக் கருக்குழாய் அடைப்பால் குழந்தைப்பேறு தடைப்பட்டது, இரண்டு முறை வந்தவர்களில் கிட்டத்தட்ட 20 சதவீதம், மூன்று முறை என்றால் 40 சதவீதம். கரு குழாயிலேயே தங்கிவிடும் ஆபத்தும் ஏறுகிறது. கருப்பை வாய் அழன்றிருக்கும்போது எச்.ஐ.வி. தொற்றுவதும் எளிதாகிறது.

தடுக்க முடியுமா என்றால், முடியும். அதையும் சியாட்டிலில்தான் காட்டினார்கள். அறிகுறி இல்லாத இளம் பெண்களையும் அழைத்துக் கிளமிடியா சோதனை செய்து, தேவைப்பட்டவர்களுக்கு மருந்து கொடுத்தபோது, ஓராண்டுக்குள் இடுப்புக்குழி அழற்சி பாதிக்கும் கீழே இறங்கியது என்று 1996-இல் வந்த ஆய்வு காட்டியது.

நம் ஊரில் நிலைமை எப்படி? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1996-97-இல் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில், 16 முதல் 22 வயது வரையிலான திருமணமான பெண்களைப் பரிசோதித்தார்கள். 53 சதவீதம் பேர் ஏதாவது ஒரு மகளிர் நோய் அறிகுறியைச் சொன்னார்கள். ஆய்வகச் சோதனையில் 38 சதவீதம் பேருக்குத் தொற்று உறுதியானது. கருப்பை வாய் அழற்சியோ இடுப்புக்குழி அழற்சியோ இருப்பதாக மருத்துவர் நேரில் பார்த்துச் சொன்னது 14 சதவீதம் பேருக்கு. அறிகுறி இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எந்தச் சிகிச்சைக்கும் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதற்கு அவர்கள் சொன்ன காரணங்கள்: பக்கத்துச் சுகாதார நிலையத்தில் பெண் மருத்துவப் பணியாளர் இல்லை, மறைவு இல்லை, தூரம், செலவு, "இதெல்லாம் பொம்பளைங்களுக்கு இருக்கிறதுதானே" என்ற நினைப்பு. இருபது வயதுகூட நிரம்பாத பெண் தன் வலியை இயல்பு என்று எண்ணிக்கொள்ளப் பழகியிருக்கிறாள் என்பதை மருத்துவத் துறை தன் தோல்வியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளைப்படுதலைப் பற்றி நம் வீடுகளில் புழங்கும் எண்ணங்கள் வேறு. உடம்புச் சூடு என்பார்கள். எலும்பு உருகி வெளியேறுகிறது என்பார்கள். உடம்பு இளைப்பதற்கும் இடுப்பு வலிக்கும் அதுவே காரணம் என்பார்கள். எலும்பு எதுவும் உருகுவதில்லை. ஆனால் அப்படிச் சொல்லி வரும் பெண்ணை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதும் தவறு. கோவாவில் விக்ரம் படேல் தலைமையிலான குழு பெண்களிடம் நடத்திய ஆய்வில், வெள்ளைப்படுதல் புகாரோடு அதிகம் சேர்ந்து வந்தது மனச்சோர்வும் பதற்றமும் குடும்பத் துயரமும்தான். தொற்றின் பங்கு அதைவிடக் குறைவாகவே இருந்தது. வாய்விட்டுச் சொல்ல முடியாத வேறு ஒரு வேதனையை, சொல்லக்கூடிய ஒரு புகாரில் ஏற்றி அந்தப் பெண் கொண்டு வருகிறாள். அவளுக்குத் தேவை காது கொடுத்துக் கேட்கும் ஒருவர். ஆன்டிபயாட்டிக் அவளுக்கு எதுவும் செய்யாது.

ஆக, கசிவு இருந்தால் தொற்று என்றும் சொல்ல முடியாது, கசிவு இல்லாவிட்டால் தொற்று இல்லை என்றும் சொல்ல முடியாது. கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

நம் அரசுத் திட்டமே இதை ஏற்றுக்கொண்ட ஒன்றுதான். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, பால்வினைத் தொற்றுகளுக்கான மருந்துகளை நிறம் பிரித்த பொட்டலங்களாக இலவசமாகக் கொடுக்கிறது. கருப்பை வாயிலிருந்து வரும் கசிவுக்குச் சாம்பல் நிறப் பொட்டலம்: அசித்ரோமைசினும் செஃபிக்ஸிமும். பிறப்புறுப்புப் பாதைக் கசிவுக்குப் பச்சைப் பொட்டலம்: செக்னிடசோலும் ஃப்ளூக்கனசோலும். எந்தக் கசிவு எங்கிருந்து வருகிறது என்பது, பிறப்புறுப்புப் பாதையை விரித்துக் காட்டும் ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்துப் பார்த்தால் மட்டுமே தெரியும். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, "வெள்ளைப்படுதா? இந்தா" என்று கொடுக்கும் பொட்டலம் சரியானதாக அமைவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. புறநோயாளிக் கூட்டத்தில் ஒரு பெண்ணைப் படுக்க வைத்துப் பார்க்க நேரம் இல்லை என்பது உண்மையான நெருக்கடி. அதற்காக அந்த வழக்கம் சரியாகிவிடாது.

இனி எதிர்ப்பக்கத்துக் கேட்டைப் பார்க்க வேண்டும். இளம் பெண்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஹார்மோனின் வேலையால் உள்பக்கத்துச் சிவந்த செல்கள் வெளிப்பக்கத்துக்கு விரிந்திருப்பது இயல்பு. பார்வைக்குச் சிவந்த வட்டமாகத் தெரியும். தோல் உரிந்ததும் இல்லை, ரணமும் இல்லை. ஆனால் எத்தனையோ பெண்களிடம் இது "கர்ப்பப்பையில் புண்" என்று சொல்லப்படுகிறது. ஸ்கேன் அறிக்கையில் 'பல்க்கி யூட்ரஸ்' (பருத்த கருப்பை) என்று ஒரு வரி இருக்கும். 'நபோதியன் சிஸ்ட்' என்று இன்னொரு வரி. பின்னது கருப்பை வாயின் சுரப்பித் துளை அடைபட்டு உண்டாகும் சிறு நீர்க்கொப்புளம். அநேகமாகச் சிகிச்சையே தேவைப்படாதது. படிக்கத் தெரியாத அந்த வரிகளைக் காட்டி, "விட்டால் கேன்சர் ஆகிவிடும், எடுத்துவிடலாம்" என்று சொன்னால் எந்தக் குடும்பம் மறுக்கும்? அறுவை சிகிச்சைக்குப் பிறகு திசுப் பரிசோதனையில் 'நாள்பட்ட கருப்பை வாய் அழற்சி' என்று எழுதி வரும். குழந்தை பெற்ற பெண்களின் கருப்பை வாயை நுண்ணோக்கியில் பார்த்தால் அழற்சிச் செல்கள் கொஞ்சமாவது தென்படுவது சர்வசாதாரணம். அந்த வரி அறுவைக்கு நியாயம் கற்பிக்காது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் சாட்சி. வறண்ட அந்த மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் கணவனும் மனைவியுமாக ஜோடி சேர்ந்து, கரும்பு வெட்ட மேற்கு மகாராஷ்டிரத்துக்கும் கர்நாடகத்துக்கும் ஆறு மாதம் புலம்பெயர்வார்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். தங்குமிடம் வயலோரக் குடிசை. கழிப்பறை கிடையாது, மாதவிலக்கு நாட்களில் கழுவிக்கொள்ள மறைவிடம் கிடையாது. இப்படிப்பட்ட வாழ்வில் தொற்று வராமல் இருந்தால்தான் அதிசயம். வெள்ளைப்படுகிறது, வயிறு வலிக்கிறது என்று மருத்துவமனைக்குப் போனவர்களில் பலர் கருப்பையை இழந்து திரும்பினார்கள். செய்தி வெடித்த பிறகு 2019-இல் மாநில அரசு அமைத்த குழு, கரும்பு வெட்டும் பெண்கள் சுமார் 82,000 பேரை விசாரித்தது. அவர்களில் 13,000-க்கும் மேற்பட்டோருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர்! இந்திய அளவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் இது நூற்றுக்கு மூன்று பேர் என்கிறது தேசியக் குடும்பநல ஆய்வு.

கருப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் முப்பது வயதிலேயே மாதவிடாய் நிற்றல் வந்துவிடும். எலும்பு தேயும், இதயநோய் ஆபத்து கூடும். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் நடந்த தேவையற்ற அறுவைகள் குறித்து 2013-இல் மருத்துவர் நரேந்திர குப்தா உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். 2023 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. தேவையற்ற கருப்பை அகற்றலைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்றது நீதிமன்றம். பத்தாண்டு நடந்த அந்த வழக்கில் பேசப்பட்ட பெண்களில் எத்தனை பேருடைய தொந்தரவு ஒரு வார மாத்திரையில் தீர்ந்திருக்கக் கூடியது என்று நினைத்தால் மனம் பதைக்கிறது.

கருப்பை வாய் அழற்சி தானாகவே புற்றுநோயாக மாறிவிடாது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அடிப்படைக் காரணம் எச்.பி.வி. வைரஸ், அதைக் கண்டுபிடித்ததற்காக ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹாசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் உறவுக்குப் பின் ரத்தம் கசிவது இரண்டுக்கும் பொதுவான அறிகுறி. அதனால் அந்த அறிகுறி இருக்கும் எந்தப் பெண்ணையும் பார்க்காமல் அனுப்பக் கூடாது. மாதவிடாய் நின்ற பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும் அப்படித்தான்.

கருப்பை வாயைப் பார்ப்பதற்குப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டியதில்லை என்று காட்டியது நம் திண்டுக்கல் மாவட்டம். அங்கே பயிற்சி பெற்ற நர்சுகள், 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்கு நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெளுத்த திட்டுத் தெரிகிறதா என்று பார்த்தார்கள். 2007-இல் 'லான்செட்' இதழில் வந்த முடிவு: இந்தச் சோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வந்த மரணம் 35 சதவீதமும் குறைந்தன. அதே 2007-இல் தமிழக அரசு தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டமாகத் தொடங்கிய பரிசோதனை பின்னர் மாநிலம் முழுக்கப் பரவியது. புற்றுநோய்க்காக வைக்கும் அதே ஸ்பெகுலம், அதே விளக்கு, அதே நர்சின் கண்கள் அழற்சியையும் காட்டிக்கொடுக்கும்.

பரிசோதனையைப் பற்றிப் பயப்படுகிற பெண்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முழுதும் சில நிமிடங்களே. ஸ்பெகுலம் வைக்கும்போது அழுத்தம் தெரியும். தசையைத் தளர்த்தி மூச்சை மெதுவாக விட்டால் வலி குறையும். பஞ்சுக்குச்சியில் எடுத்த கசிவை நுண்ணோக்கியில் வைத்தால் ட்ரைக்கோமோனாஸ் வாலாட்டி நீந்துவதைக் காணலாம். அமிலத்தன்மையைக் காட்டும் தாள் பாக்டீரியாச் சமநிலை கெட்டிருக்கிறதா என்று சொல்லும். கிளமிடியாவுக்கும் கொனோரியாவுக்கும் மரபணுச் சோதனை உண்டு. பெரிய மையங்களில் மட்டுமே கிடைக்கிறது. கிளமிடியா என்றால் டாக்ஸிசைக்ளின் ஒரு வாரம். கர்ப்பிணிக்கு அது ஆகாது, அசித்ரோமைசின் தருவார்கள். ட்ரைக்கோமோனாசுக்கு மெட்ரோனிடசோல். காரணம் ஒவ்வாமை என்றால் மருந்தே வேண்டாம், கழுவும் திரவத்தை நிறுத்தினால் போதும். பெண்ணுறுப்பு தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். வெளிப்புறத்துக்குச் சாதாரணத் தண்ணீர் போதுமானது. பரிசோதனையின்போது ஒரு பெண் உதவியாளர் உடனிருக்க வேண்டும் என்று கேட்பதும், பிடிக்காத இடத்தில் நிறுத்தச் சொல்வதும் பெண்ணின் உரிமை.

கணவர் வராமல் இந்தச் சிகிச்சை முடிவதில்லை. மனைவிக்கு மருந்து, கணவருக்கு இல்லை என்றால் அடுத்த உறவிலேயே கிருமி திரும்பி வரும். இருவரும் ஒரே நேரத்தில் மருந்து எடுத்து, ஏழு நாள் உறவைத் தவிர்க்க வேண்டும். மூன்று மாதம் கழித்து மனைவி மறுபடி பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தொந்தரவு எதுவும் இல்லையே என்று கணவர் சொன்னாலும் அவரிடம் கிருமி இருக்கக்கூடும். நோகெராத் 1872-இல் எழுதியதும் இதைத்தான். நாள்பட்டு மறைந்திருந்த தொற்று எப்போது வந்தது என்று யாராலும் தேதி குறிக்க முடியாது. அதனால் இதை வைத்து யாருடைய ஒழுக்கத்தையும் தீர்ப்புச் சொல்லத் தொடங்கினால் சிகிச்சை நின்றுபோகும், பெரும்பாலும் அடி வாங்குவது மனைவியாகவே இருக்கும். இதை எப்படிச் சொல்வது என்று மருத்துவர்களும் நர்சுகளும் பழக வேண்டும்.

தமிழகத்து அரசு மருத்துவமனைகளில் சுகவாழ்வு மையம் என்ற பெயரில் இதற்கான பிரிவு இயங்குகிறது. பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம். கணவனும் மனைவியும் சேர்ந்தே போகலாம்.